சிப்பைத் தொடுமுன் ஐஸ் பெட்டியைப் பாருங்கள்

பழவேற்காடு, கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கருங்காலி, காலாஞ்சி ஊர்களிலிருந்து மீனும் இறாலும் நண்டும் ஏற்றிச் சென்னைக்கு லோடு வண்டி ஓட்டும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,



உங்களில் சிலர் பழைய டாடா ஏஸ் வைத்திருக்கிறீர்கள், சிலர் தோஸ்த், சிலர் பொலேரோ பிக்கப். எந்த வண்டியானாலும் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இன்று ஒன்றுகூட இல்லை. பின்னால் ஐஸ் பெட்டி ஏறியிருக்கிறது. அதைத் தாங்க கமான் செட்டில் ஒன்றிரண்டு பட்டை கூடியிருக்கிறது. பக்கப் பலகை உயர்ந்திருக்கிறது. காலிக் கூடையும் தார்ப்பாயும் கயிறும் வைக்க கேபினுக்கு மேல் ஒரு கேரியர் வந்திருக்கிறது. ஆக, வண்டியை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. மாற்றிய வண்டிக்கு ஏற்றபடி மற்றதையெல்லாம் சரிசெய்தோமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்குள் ரீமேப், சிப் டியூனிங், மைலேஜ் பாக்ஸ் என்று பேச்சு கிளம்பிவிட்டது. லேப்டாப்பைச் சொருகி அரை மணி நேரத்தில் இழுவையும் கூட்டித் தருவேன், டீசலும் மிச்சம் பண்ணித் தருவேன் என்று சொல்கிற ஆட்கள் வருகிறார்கள். பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் ஸ்பானர் பிடிக்கிறவன். இஞ்சினை டியூன் பண்ணவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையைத்தான் சொல்ல வந்தேன். உப்புக் காற்றில், ஐஸ் எடையோடு, பாதி ராத்திரியில் ஓடுகிற மீன் வண்டிக்கு டியூனிங் பெட்டியிலும் டயரிலும் பிரேக்கிலும் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் கடைசி. அநேகமாக அதுவரை போகவே வேண்டியிருக்காது.

பொன்னேரி வழியாகத் தச்சூர் கூட்டுச்சாலையில் ஏறிச் செங்குன்றம் போகிறவர்கள் தினமும் சோழவரத்தைத் தாண்டுகிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் கார் பந்தயமும் பைக் பந்தயமும் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? பின் சீட், தரைவிரிப்பு, ஸ்டெப்னி என்று வேண்டாத எடையைக் கழற்றி வெளியே வைப்பார்கள். அடுத்து டயர், பிரேக், கூலிங். இஞ்சினில் கை வைப்பது அதற்கப்புறம். சில சுற்று ஓடினால் போதும் என்கிற பந்தய வண்டிக்கே அந்த வரிசை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிச் சோறு போட வேண்டிய வண்டிக்கு எப்படி இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

முதலில் கணக்கு. 'என் வண்டி 14 கொடுக்குது', 'என்னுது 11-தான்' என்று டீக்கடையில் சொல்கிற எண்ணில் பெரும்பாலும் குத்துமதிப்புதான் இருக்கிறது. 500 ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது கணக்கே இல்லை. டேங்கை நிரப்புங்கள், பம்ப்பில் நாசில் தானாக நின்றதும் நிறுத்துங்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை அதே பம்ப்பில் அதே மாதிரி நிரப்புங்கள். நடுவே ஓடிய தூரத்தை, இப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். நாலைந்து தடவை தொடர்ந்து செய்தால்தான் சராசரி கிடைக்கும். கம்பெனி அளவை விடப் பெரிய டயர் மாட்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்கரம் பெரிதானால் ஒரே தூரத்துக்குக் குறைவான சுற்றுதான் சுற்றும். மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மைலேஜ் இறங்கிவிட்டது என்று நினைப்பீர்கள், இறங்கியது மீட்டர் கணக்காக இருக்கும்.

இந்தக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். போய்வர 120 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 12 கொடுக்கிற வண்டி 10 லிட்டர் குடிக்கும். அதே வண்டியை 13.5-க்குக் கொண்டுவந்தால் 8.9 லிட்டர் போதும். மாதம் 25 நடை என்றால் கிட்டத்தட்ட 28 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 2,500 ரூபாய். ஒன்றரை கிலோமீட்டர் முன்னேற்றத்துக்குச் சிப் வேண்டாம். கீழே சொல்வதில் பாதியைச் செய்தாலே கிடைக்கக்கூடிய அளவு அது.

இனி ஐஸ் பெட்டிக்கு வருகிறேன். 30 டிகிரி சூட்டில் கரைக்கு வந்த ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 25 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரியை இழுத்துக்கொள்ளும். அப்படியானால் மீனைக் குளிரவைக்க மட்டும் மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போதும். 300 கிலோ மீனுக்கு 100 கிலோ. ஆனால் மீனுக்குச் சமமாக ஐஸ் போடுவதுதான் நம் பக்கத்து வழக்கம், வெயில் ஊருக்கு அது சரியும்கூட. அப்படியென்றால் மிச்சம் 200 கிலோ ஐஸ் எதற்கு? பெட்டிச் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் உள்ளே நுழைகிற சூட்டோடு சண்டை போட. மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால், மூலையில் ஃபைபர் விரிந்து உள்ளே இருக்கும் தெர்மோகோல் தண்ணீர் குடித்திருந்தால், அந்தச் சண்டைக்கு இன்னும் ஐஸ் வேண்டும். ஓட்டைப் பெட்டிக்காக நீங்கள் ஐஸ் கம்பெனியிலும் காசு கொடுக்கிறீர்கள், அந்த ஐஸைச் சுமக்க டீசல் பம்ப்பிலும் காசு கொடுக்கிறீர்கள்.

அதனால் காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வானகரத்திலோ சரக்கு இறக்கியதும் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். உருகாத ஐஸ் எவ்வளவு கிடக்கிறது? நிறைய இருந்தால் அடுத்த நடைக்கு அதில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஐஸைக் குறைக்காதீர்கள்; பெட்டியைச் சரிசெய்யுங்கள். மீன் விறைப்பு போய்விட்டால் ஏலத்தில் விழுகிற அடிக்கு முன்னால் டீசல் மிச்சம் ஒன்றுமே இல்லை. ரப்பரை மாற்றுங்கள், மூலையை ஃபைபர் வைத்து அடையுங்கள், பகலில் காலி வண்டியை நிறுத்தும்போது மூடியை மூடியே வையுங்கள். வெயிலில் காய்ந்த பெட்டியில் முதலில் கொட்டுகிற ஐஸ் பெட்டியைக் குளிரவைக்கவே கரைந்துபோகும்.

பெட்டியின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கிற பல வண்டிகளில் அது நேராகப் பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. உருகிய ஐஸோடு மீன் உப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர், கமான் பட்டைமேலும் பிரேக் பைப்மேலும் சேஸிஸ் இடுக்கிலும் நடைக்கு நடை சொட்டிக்கொண்டே இருக்கும். பட்டைகளுக்கு நடுவே துரு பொருக்காகக் கட்டி அவற்றை விரித்துவிடும். அப்புறம் பட்டை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது, வண்டி குதிக்கும். இருபது முப்பது ரூபாய் ஹோஸ் பைப் ஒன்றைச் செருகி, கடைசியில் குழாய் மாட்டி, அதன் கீழே தண்ணீர் பிடிக்க ஒரு கேன் கட்டினால் தீர்ந்தது. சாலையில் சிந்தாது, பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழமாட்டான், உங்கள் சேஸிஸும் பிழைக்கும். வண்டியை நிறுத்துகிற இடத்தில் கேனைக் காலி செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் டியூனிங்தான். படகில் ஐஸையும் வலையையும் அணியத்தில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். வண்டியில் மட்டும் கதவோரம் கைக்கு எட்டுகிற இடத்தில் எல்லாவற்றையும் குவிக்கிறோம். பின் அச்சுக்கும் பின்னால் எடை விழுந்தால் முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் இலேசாகும், முன் பிரேக் பிடிப்பு குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். கனமான ஐஸும் மீனும் கேபினை ஒட்டி, அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். காலிக் கூடை பின்னால் போகட்டும்.

கேபின் மேல் இருக்கிற கேரியரைக் கழற்றிவிடச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் காற்றின் கணக்கைக் கேளுங்கள். காற்று தடுக்கிற விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்குப் போனால் வேகம் 40 சதவீதம்தான் கூடுகிறது. காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கார் கூரையில் பெரிய பெட்டி ஒன்றை ஏற்றினால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை எரிபொருள் திறன் இறங்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் அளவு. சதுரமான முகத்தோடு, உயர்த்திய பலகையோடு போகிற நம் வண்டி அதற்கு விதிவிலக்கல்ல. சென்னையிலிருந்து திரும்பும்போது எடை இல்லை என்று காலை அழுத்துகிறோம். படபடக்கிற தார்ப்பாயும் மேலே நிற்கிற கூடைகளும் அப்போதுதான் டீசலைத் தின்னும். கூடைகளைப் பெட்டிக்குள் அடுக்குங்கள், தார்ப்பாயை மடித்து இறுக்கிக் கட்டுங்கள்.

வேகத்தைப் பற்றி இன்னொரு சொல். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பல காலமாகப் பிரசாரம் செய்கிறது. ஏலத்துக்கு நேரமாகிறது என்கிற உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. இருபது கிலோமீட்டர் நெடுஞ்சாலைத் துண்டை 70-ல் ஓட்டினால் 17 நிமிடம், 50-ல் ஓட்டினால் 24 நிமிடம். மிச்சமாவது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைக் கரையில் ஐஸ் கொட்டும்போதே பிடித்துவிடலாம்.

இப்போது டயரும் பிரேக்கும். லோடு ஏற்றும்போது என்ன காற்று, காலியாகப் போகும்போது என்ன காற்று என்று கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் போட்டிருக்கும். பின் சக்கரத்தில் பத்து பிஎஸ்ஐ குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, கேஜுக்குத்தான் தெரியும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்தக் கேஜால் பார்க்கப் பழகுங்கள். காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கி எழும்போது சூடாகிறது. அந்தச் சூடு உங்கள் டேங்கிலிருந்து போனது.

பிரேக் பிடித்தபடியே ஓடுகிற வண்டிகள் நம் பக்கம் அதிகம். காரணம் உப்பு. புயல் மழைக் காலத்தில் காட்டுப்பள்ளி சாலையில் கடல் மணலும் தண்ணீரும் ஏறிக் கிடக்கும்போது அதில் இறக்கி ஓட்டுகிறோம். கரையில் ஈர மணலில் நிறுத்துகிறோம். வீல் சிலிண்டரும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருப்பிடித்து, அழுத்தினால் பிடிக்கும், விட்டால் முழுசாக விடாது. சோதிப்பது எளிது. ஒரு நடை முடிந்து, பிரேக் அதிகம் போடாமல் உருட்டி நிறுத்தியபின், நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். மூன்று சக்கரம் ஒரே சூட்டிலும் ஒன்று மட்டும் அனலாகவும் இருந்தால், அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்த சக்கரத்தோடு வருகிறவரிடம் இழுவை கூட்ட ரீமேப் செய்து கொடுப்பது, பிரேக்கை எதிர்த்து ஓட அவருக்கு இன்னும் கொஞ்சம் டீசல் விற்பதுதான்.

கூலிங்குக்கு வருவோம். நம் ஊர்களில் போர் தண்ணீர் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த உப்புத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். உள்ளே பொருக்குக் கட்டி, அலுமினியத்தை அரித்து, சூடு ஏறத் தொடங்கும். உடனே ஒரு வைத்தியம் நடக்கும்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது. சூடு குறைந்த மாதிரி தெரியும். ஆனால் அந்த வால்வு இருப்பதே இஞ்சினைச் சீக்கிரம் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்கத்தான். அது இல்லாவிட்டால் இஞ்சின் குளிர்ச்சியாகவே ஓடும். குளிர்ந்த இஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் கொடுக்கும், ஆயில் கெட்டியாக இருக்கும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட் போட்டு, கலந்தே வருகிற கூலன்ட்டை ஊற்றுங்கள். முன்னால் இருக்கும் இன்டர்கூலர் இடுக்குகளில் மணலும் பூச்சியும் உப்பும் அடைத்திருந்தால் நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். டர்போ அனுப்புகிற காற்று குளிர்ந்தால்தான் அடர்த்தியாக உள்ளே போகும்.

இழுவை இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற டர்போ வண்டியில் நான் முதலில் தேடுவது காற்றுக் கசிவைத்தான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மணலும் தெரிந்தால், அங்கே காற்று ஒழுகுகிறது. மேடு ஏறும்போது 'உஸ்' என்று சத்தம் வரும், பின்னால் கரும்புகை வரும். கரும்புகை என்பது முழுசாக எரியாமல் போகிற டீசல். அடுத்து, சேஸிஸில் முடிகிற எர்த் பட்டை. நட்டுக்குக் கீழே பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். சென்சார்கள் பொய் சொல்வதற்கு அது ஒன்றே போதும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்குங்கள். பிறகு ஏர் ஃபில்டர். நம் மணல் ஊருக்கு, கையேடு சொல்கிற கிலோமீட்டருக்கு முன்பே பார்க்க வேண்டும்.

டீசல் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுகிறேன். படகுகளுக்கு அரசு வரிவிலக்கு டீசலும் மானிய மண்ணெண்ணெயும் தருகிறது. அது மீன்பிடிக்கிறவர்களின் உரிமை. வண்டி டேங்குக்கு உரியதல்ல. நியாயத்தை ஒதுக்கி வைத்தாலும் இஞ்சினுக்கே அது ஆகாது. இன்றைய காமன்ரெயில் இஞ்சினில் உயர் அழுத்தப் பம்ப்புக்கு மசகு கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு போய்விடும். பம்ப் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். செலவு லிட்டர் கணக்கில் வராது, பத்தாயிரங்களில் வரும். படகுக் கேனிலிருந்து வருகிற டீசலில் கடல் தண்ணீரும் இருக்கும். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இத்தனையும் முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விற்க வருகிறவரிடம் கேள்வி கேட்கலாம். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் இஞ்சின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். அந்தக் காலத்து இஞ்சினில் பம்ப்பில் ஒரு திருகைத் திருப்பினால் டீசல் கூடும், இழுவை கூடும், புகையும் கூடும். இப்போது அந்தத் திருகு இல்லை. எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எவ்வளவு டீசல், எந்த அழுத்தத்தில், எந்த நொடியில், டர்போ எவ்வளவு என்று அட்டவணை அட்டவணையாக ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டருக்குள் எழுதியிருக்கிறது. ரீமேப் என்பது அந்த அட்டவணையை மாற்றி எழுதுவது. மைலேஜ் பாக்ஸ் அதையும் செய்வதில்லை. ரெயில் பிரஷர் சென்சார் கம்பிக்கு நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்கிறது. ஈசியூ அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறது.

கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை எழுதும். மே மாதத்து வெயில், மோசமான டீசல், ஓவர்லோடு, பராமரிப்பு இல்லாத ஃபில்டர் எல்லாவற்றையும் தாங்க வேண்டுமே. அந்த இடத்தைத்தான் ரீமேப் எடுத்து உங்களுக்கு இழுவையாகத் தருகிறது. நம் வண்டிகளோ அந்த வெயில், அந்த டீசல், அந்த லோடு எல்லாவற்றையும் ஏற்கெனவே அனுபவிக்கிறவை. கூடுதல் டீசல் எரிந்தால் சைலன்சருக்குப் போகிற சூடு கூடும். டர்போவும் பிஸ்டனும் அந்தச் சூட்டில் வேகும். நல்ல டியூனர் கீழ் வேகத்தில் டார்க்கைக் கூட்டித் தந்தால், ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் மிச்சமாகலாம், உண்மைதான். ஆனால் இழுவை கிடைத்ததும் காலும் கூடவே இறங்குகிறது. பெரும்பாலும் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அவற்றில் பல டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் வடிகட்டி உண்டு. கரி நிறைந்ததும் ஈசியூ கூடுதல் டீசல் செலுத்தி, 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அதை எரித்துச் சாம்பலாக்கும். அதற்குக் கொஞ்ச தூரம் சீராக ஓட வேண்டும். கரையில் ஏலம் முடியும்வரை இஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் கரிதான் சேரும். ஒரு மணி நேரம் அப்படி ஓடினால் அரை லிட்டர் டீசலும் போகும். வடிகட்டியில் கரி எரிந்துகொண்டிருக்கும்போது இஞ்சினைப் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் தச்சூரிலிருந்து செங்குன்றம் வரை நிற்காமல் ஒரே சீராக ஓட்டுங்கள்.

'டிபிஎஃப்-ஐ வெட்டி எறிந்துவிடலாம், இஜிஆர் வால்வை அடைத்துவிடலாம்' என்று யோசனை சொல்கிறவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அப்படிச் செய்தால் வருகிற புகையை முதலில் சுவாசிப்பது கரையில் கூடை வைத்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள்தான். சட்டமும் சும்மா இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணான மாற்றம் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஓவர்லோடுக்குச் சட்டம் சொல்வது 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். கூடுதல் பட்டை போட்டதால் வண்டி தாழவில்லை என்பதற்காக பிரேக்கும் அச்சும் பெரிதாகிவிடவில்லை. ஆர்சி-யில் உள்ள எடைதான் எடை. ஐஸ் பெட்டியை நிரந்தரமாகப் பொருத்தியவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

இதற்கு மேலும் ரீமேப்தான் வேண்டும் என்கிறவர், செய்கிறவரிடம் இதைக் கேளுங்கள். எவ்வளவு கூடும் என்பதை எப்படி அளந்தீர்கள்? என் நோட்டில் உள்ள சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டுவீர்களா? பழைய ஃபைலைச் சேமித்து என் கையில் கொடுப்பீர்களா? வாரண்டி போனால் யார் பொறுப்பு? வண்டி புகைச் சோதனையைத் தாண்டுமா? எழுதித் தருவீர்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாமல், 'முப்பது சதவீதம் கியாரண்டி' என்று மட்டும் சொல்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சில காரியங்களைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது நல்லது. ஊருக்கு ஒரு வண்டியையாவது முழு லோடோடு எடை மேடையில் ஏற்றி, முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று பாருங்கள். பெட்டியை எங்கே வைப்பது என்ற விவாதம் அன்றோடு முடியும். மீன் இறங்குகிற கரையில் சேஸிஸ் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும் என்று ஊராட்சியிடமும் மீன்வளத் துறையிடமும் எல்லா ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கேளுங்கள். இத்தனை வண்டிகள் தினமும் உப்பில் நிற்கிற இடத்தில் அது அதிகப்படியான கோரிக்கை இல்லை. கூலன்ட், ஃபில்டர், மூடி ரப்பர் போன்றவற்றை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கும் நுழையாது.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கும். சந்தைக்கு வரத்து குறைகிற அந்த நாட்களில் பழவேற்காடு ஏரி மீனுக்கும் இறாலுக்கும் கிராக்கி கூடும். வண்டிக்கு ஓய்வு இருக்காது, வெயிலும் உச்சியில் இருக்கும். அதற்கு முன்பே வேலையை முடியுங்கள். இன்றைக்கே டேங்கை நிரப்பி ஒரு நோட்டில் முதல் வரியை எழுதுங்கள். பெட்டி, டயர், பிரேக், கூலிங், காற்றுக் குழாய் என்று ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்த சராசரியை எழுதுங்கள்; எது எவ்வளவு கொடுத்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எல்லாம் முடிந்தும் வண்டி இழுக்கவில்லையென்றால் நோட்டோடு வாருங்கள். ஸ்கேனரை மாட்டி, எந்த எண் ஏன் தவறுகிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். சிப் வேண்டுமா என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பொன்னேரி சாலையோரத்து மெக்கானிக் ஒருவன்